அச்சு நிரலை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன அச்சு நிரலை லினக்ஸுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. தரவுக் கோப்பைப் படித்து படிவம், பட்டியல், லேபிள் அச்சடித்துக் கொடுப்பதுதான் அந்த நிரலின் வேலை. பிற்பாடு அது மேக்கிலும் ஓடியது. லினக்ஸில் எழுதிய இன்னொரு நிரலை விண்டோஸுக்குக் கொண்டுவரவும் நேர்ந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இதில் அப்படி என்ன சிரமம்? மறுபடி கம்பைல் செய்தால் ஓடாதா?

ஓடாது. கோப்பைத் திறப்பது, நெட்வொர்க்கில் பேசுவது, திரையில் ஜன்னல் காட்டுவது, இவற்றுக்கெல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஈடான வசதிகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுவிடலாம். அச்சு விஷயத்தில் இரண்டும் வேறு வேறு பாதையில் வளர்ந்தவை.

விண்டோஸுக்கு பிரிண்டர் என்பது திரை மாதிரி இன்னொரு வரைபலகை. ஜிடிஐ என்கிற வரைகலை அடுக்கிடம் நிரல் சொல்லிக்கொண்டே போகும்: ஆவணம் தொடங்கு, பக்கம் தொடங்கு, இந்த இடத்தில் இந்த எழுத்து, இங்கிருந்து அங்கே ஒரு கோடு, பக்கம் முடி. அதை பிரிண்டருக்குப் புரியும் மொழியாக மாற்றுவது டிரைவரின் பாடு. யூனிக்ஸ் வழியில் அச்சு என்றால் ஒரு கோப்பை வரிசையில் சேர்ப்பது, அவ்வளவுதான். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் எல்பி, பெர்க்லி யூனிக்ஸில் எல்பிஆர் என்று கட்டளையின் பெயர் மாறும், எண்ணம் ஒன்றே. கோப்புக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது உங்கள் கவலை. தொடக்கத்தில் அது வெறும் எழுத்து. 1984இல் பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டை அடோபி கொண்டுவந்த பிறகு, போஸ்ட்ஸ்கிரிப்ட். இன்று பெரும்பாலும் பிடிஎஃப்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், பழைய நிரலுக்காக விண்டோஸ் சத்தமில்லாமல் செய்துகொடுத்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் காகித ஓரம், எழுத்துரு, வரி முடிவு, அமைப்புகளைச் சேமிப்பது, வேலையின் நிலை என்று வரிசையாக வந்தன. பின்னால் வந்த சிக்கல் ஒவ்வொன்றும் அந்தத் தாளில் ஏதோ ஒரு வரியிலிருந்துதான் கிளம்பியது. கீழே உள்ள பதில்களும் அப்படித்தான்.

வைன் இருக்கிறதே, அதில் ஓட்டிவிட்டுப் போகலாமா?

போகலாம். வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள். அது நிரலின் ஜிடிஐ அழைப்புகளைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றி லினக்ஸின் அச்சு வரிசையில் சேர்த்துவிடும். மூலநிரல் கையில் இல்லை, இரண்டு மூன்று பேர்தான் பயன்படுத்துகிறார்கள், அச்சு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வந்தாலும் பரவாயில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அச்சடித்த படிவத்தின் கட்டங்களுக்குள் எழுத்து விழ வேண்டும் என்றால், நிரலையே மாற்றி எழுதுவதுதான் நிம்மதி.

கப்ஸ் என்கிறார்களே, அது என்ன?

லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கினார், 1999இல் வெளிவந்தது. 2002இல் மேக் 10.2 அதை எடுத்துக்கொண்டது. 2007இல் ஆப்பிள் அதன் மூலநிரலையே வாங்கியது. இப்போது அதை வளர்த்துவருவது ஓப்பன்பிரிண்டிங் குழு. பழைய எல்பி, எல்பிஆர் கட்டளைகள் இரண்டுமே இதில் உண்டு. உள்ளே பேசுவது ஐபிபி என்கிற நெறிமுறை, 631ஆம் போர்ட்டில். லினக்ஸுக்கு என்று ஒழுங்காக எழுதினால் மேக்குக்கு முக்கால்வாசி வேலை தானாக முடிந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

நிரலை எப்படிப் பிரித்து எழுதுவது?

நடுவில் பிடிஎஃப்பை வையுங்கள். ஒரு பகுதி தரவைப் படித்து பிடிஎஃப் உருவாக்கட்டும். இன்னொரு பகுதி அந்த பிடிஎஃப்பை வரிசையில் சேர்க்கட்டும். முதல் பகுதிக்கு எந்த இயங்குதளம் என்றே தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது பகுதி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக, முடிந்த அளவு சிறியதாக.

நான் முதலில் இப்படிச் செய்யவில்லை. ஜிடிஐயின் ஒவ்வொரு வரைதல் அழைப்புக்கும் ஈடாக ஒரு செயற்கூறு எழுதி, பழைய நிரலை அப்படியே மேலே உட்காரவைக்கப் பார்த்தேன். இரண்டு மாதம் போனது. பேனா, தூரிகை, வெட்டும் எல்லை, வரைபட முறை என்று அடியில் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அச்சடித்த தாள்களை மேஜையில் பரப்பி, இந்தத் தாளை நானே புதிதாக வரைந்தால் எப்படி வரைவேன் என்று தொடங்கினேன். மூன்று வாரத்தில் முடிந்தது. பிடிஎஃப் உருவாக்க கெய்ரோ நூலகமோ க்யூட்டியின் அச்சு வகுப்புகளோ போதும். க்யூட்டி எடுத்தால் அச்சு உரையாடல் பெட்டியும் கூடவே வரும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் அச்சு முழுவதும் மேலேயும் இடப்புறமும் 4 மில்லிமீட்டர் தள்ளி வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான பிரிண்டர்களால் காகிதத்தின் விளிம்பு வரை அச்சடிக்க முடியாது. நான்கு பக்கமும் ஒரு பட்டை வெற்றாக விடப்படும். ஜிடிஐயில் சுழியம், சுழியம் என்ற புள்ளி காகிதத்தின் மூலையில் இல்லை; அச்சடிக்கக்கூடிய பகுதியின் மேல் இட மூலையில் இருக்கிறது. பிடிஎஃப்பிலும் போஸ்ட்ஸ்கிரிப்டிலும் தொடக்கப் புள்ளி காகிதத்தின் கீழ் இட மூலை, விளிம்பிலேயே.

என் கதையில் பிரிண்டர் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. இடப்புறம் 100 புள்ளி, மேலே 100 புள்ளி அச்சடிக்க முடியாத பட்டை. 100ஐ 600ஆல் வகுத்து 25.4ஆல் பெருக்கினால் 4.23 மில்லிமீட்டர். பழைய நிரலில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அந்த 4.23 ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அதே எண்களை விளிம்பிலிருந்து அளந்தால் எல்லாம் மூலையை நோக்கி நகரத்தானே செய்யும்?

உடனே எல்லோரும் செய்வது எல்லா எண்களோடும் 4.23ஐக் கூட்டிவிடுவது. செய்யாதீர்கள். அடுத்த பிரிண்டரில் பட்டை 3 மில்லிமீட்டராக இருக்கும், மறுபடி தள்ளிப்போகும். பழைய நிரலிலேயே இந்தக் கோளாறு இருந்திருக்கும். எல்லோரும் ஒரே பிரிண்டர் வைத்திருந்ததால் வெளியே தெரிந்திருக்காது. பழைய விண்டோஸ் கணினியில், அந்த பிரிண்டரின் உண்மையான விலகலை ஜிடிஐயிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை ஒரே ஒரு முறை கூட்டி, எல்லா அளவுகளையும் காகித விளிம்பிலிருந்து மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். அதற்கப்புறம் எந்த பிரிண்டருக்குப் போனாலும் அந்த எண்கள் மாறாது. அச்சடிக்க முடியாத பட்டைக்குள் ஏதாவது விழுகிறதா என்பதை மட்டும் நிரல் சோதித்து எச்சரிக்க வேண்டும். ஓர அளவுகளை கப்ஸிடம் கேட்டால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகத் தரும்.

இடம் சரியாகிவிட்டது. ஆனால் 100 மில்லிமீட்டர் கோடு 97 மில்லிமீட்டராக வருகிறதே?

வழியில் யாரோ பக்கத்தைச் சுருக்குகிறார்கள். தாளுக்குள் அடக்கு என்கிற அமைப்பு பல இடங்களில் கேட்காமலேயே இயங்கும். ஐபிபியில் இதற்குத் தனி விருப்பம் உண்டு. அளவை மாற்றாதே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏ4க்கும் லெட்டர் தாளுக்கும் குழப்பம் வந்தாலும் இதே அறிகுறிதான். ஏ4 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 8.5க்கு 11 அங்குலம். பிடிஎஃப் ஒரு தாளுக்கும் வரிசை இன்னொரு தாளுக்கும் அமைந்திருந்தால் நடுவில் கோப்பை மாற்றிக்கொடுக்கும் வடிகட்டி நிரல் தன் புத்திக்கு எட்டியபடி சுருக்கிவிடும்.

ஒரு சோதனைப் பக்கம் செய்துகொள்ளுங்கள். விளிம்பிலிருந்து சரியாக 20 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கட்டம், நடுவில் கிடையாக 100, நிமிர்ந்து 100 மில்லிமீட்டர் கோடுகள். அச்சடித்து ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கோட்டின் நீளம் தப்பு என்றால் சுருக்கம். நீளம் சரி, கட்டம் தள்ளியிருக்கிறது என்றால் தொடக்கப் புள்ளி. இரண்டையும் கலந்து தேடினால் நாள்கணக்கில் சுற்றவேண்டியதுதான்.

அளவுகளை எந்த அலகில் வைப்பது?

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, முழு எண்ணாக. ஏ4 என்றால் 21000க்கு 29700. பிடிஎஃப்பின் அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அதில் ஏ4 என்பது 595.28க்கு 841.89. இதை 595, 842 என்று முழுமையாக்குகிறவர்கள் அதிகம், பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் உயரத்தையும் அப்படி முழுமையாக்கிக்கொண்டே போனால் 60ஆவது வரிக்கு வரும்போது கட்டத்துக்கு வெளியே நிற்பீர்கள். கடைசி நொடியில் மட்டும் மாற்றுங்கள்.

எழுத்துகளின் அகலம் மாறிவிட்டது. தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன.

இரண்டும் தனித்தனி நோய்.

அகலம் மாறினால், நீங்கள் கேட்ட எழுத்துரு அங்கே இல்லை என்று பொருள். லினக்ஸ் பிழை எதுவும் சொல்லாது. கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே அகலம் உள்ள லிபரேஷன் எழுத்துருக்கள் 2007 முதல் கிடைக்கின்றன. வரி உடையும் இடம் மாறாமல் இருக்க அவை போதும். விண்டோஸின் எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்துக் கொண்டுபோகும் முன் அவற்றின் உரிமத்தைப் படித்துவிடுங்கள். எந்த எழுத்துருவானாலும் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்புங்கள்.

தமிழ் உடைவது எழுத்தை வடிவமைக்கும் அடுக்கு விடுபட்டதால். "கொ" என்று எழுதினால் கோப்பில் இருப்பவை இரண்டு குறிகள்: க, அதை அடுத்து ஒகரக் குறி. தாளில் வரவேண்டியது மூன்று துண்டு: கொம்பு, க, கால். கொம்பு க-வுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். விண்டோஸில் இந்த வேலையை யூனிஸ்கிரைப் கவனித்துக்கொண்டது, பழைய நிரலை எழுதியவருக்கு அப்படி ஒன்று நடக்கிறது என்பதே தெரிந்திருக்காது. லினக்ஸில் ஹார்ஃப்பஸ் அதைச் செய்யும், ஆனால் நீங்கள் அதன் வழியாகப் போனால்தான். கெய்ரோவில் எழுத்தைக் காட்ட எளிமையான ஓர் அழைப்பு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்யும், தமிழில் வடிவமைப்பே நடக்காது. ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் பேங்கோ நூலகம் வழியாகப் போங்கள். சோதனைக்கு "கொ", "கௌ", "க்ஷ", "ஸ்ரீ" நான்கையும் அடித்துப் பார்த்தால் போதும், ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வரிகள் படிக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போகின்றன!

யூனிக்ஸ் வரி முடிவுக்கு ஒரே ஒரு பைட் வைத்திருக்கிறது: 10. பிரிண்டருக்கு அது காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளு என்று மட்டும்தான். தலையை இடப்புறம் கொண்டுவா என்று சொல்வது 13. விண்டோஸ் உரைக் கோப்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் முதல் வரி முடிந்த இடத்திலேயே இரண்டாவது வரி தொடங்கி, அப்படியே வலது ஓரத்துக்குப் போய்விடும். வரி முடிவில் 13, 10 இரண்டையும் நீங்களே எழுதுங்கள்.

இதே பிரிண்டர்களில் கட்டம் போட்ட பட்டியல் இருந்தால் இன்னொன்றும் வரும். பழைய நிரல் கோடுகளை 437ஆம் குறிப்பக்கம் என்கிற பழைய எழுத்துக் குறி அட்டவணையிலிருந்து எடுத்திருக்கும்: கிடைக்கோட்டுக்கு 196, நிமிர்கோட்டுக்கு 179. லினக்ஸில் எழுத்தெல்லாம் யூடிஎஃப்-8, அதில் அதே கோட்டுத் துண்டு மூன்று பைட். பிரிண்டரோ இன்னும் 437இலேயே இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்று எழுத்துகளை அடித்துத்தள்ளும். அனுப்புவதற்குச் சற்று முன் மறுபடி 437க்கு மாற்றிவிடுங்கள்.

கடைசிப் பக்கம் வெளியே வராமல் பிரிண்டர் விளக்கு மட்டும் மினுக்குகிறது.

வெறும் எழுத்தாக அனுப்பும்போது லேசர் பிரிண்டர் பக்கம் நிறையும்வரை காத்திருக்கும். பாதிப் பக்கத்தோடு நின்றால் முடிந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியில் 12 என்ற பைட்டைச் சேருங்கள், தாள் வந்துவிடும். தொடக்கத்தில் எப்சன் வகை பிரிண்டருக்கு 27, 64 அனுப்பினால் முந்தைய வேலை விட்டுப்போன அமைப்புகள் அழிந்து சுத்தமான நிலைக்கு வரும். நான் இரண்டையும் எப்போதும் சேர்த்தே வைப்பேன்.

லேபிள் பிரிண்டருக்கும் பிடிஎஃப்தானா?

இல்லை, அங்கே நான் சொன்னது பொருந்தாது. லேபிள் பிரிண்டர்களுக்கு ஜெட்பிஎல் மாதிரி தனி மொழி உண்டு. பார்கோடை அவை தாமே வரையும்போது கோடுகள் புள்ளிக்குப் புள்ளி சுத்தமாக விழும். 203 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. பிடிஎஃப்பைப் படமாக்கும்போது ஒரு புள்ளி கூடக்குறைய ஆனாலும் மெல்லிய கோடுகள் படிக்க முடியாமல் போகும். எனவே கட்டளைகளை மாற்றமில்லாமல் அப்படியே அனுப்புங்கள். நெட்வொர்க் பிரிண்டர் என்றால் 9100ஆம் போர்ட்டுக்கு நேராக எழுதலாம். கப்ஸின் வடிகட்டாத வரிசைகளை நம்பிப் புதிதாகக் கட்டாதீர்கள். அவை விலக்கப்படும் பட்டியலில் இருக்கின்றன.

பயனர் தேர்ந்தெடுத்த பிரிண்டர் அமைப்புகளைக் கொண்டுபோக முடியுமா?

விண்டோஸ் நிரல்கள் டெவ்மோட் என்ற கட்டமைப்பை அப்படியே ரெஜிஸ்ட்ரியில் கொட்டி வைத்திருக்கும். அதன் முன்பாதி பொதுவானது. காகிதம், திசை, நகல் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். பின்பாதி டிரைவர் தயாரித்தவருக்கு மட்டுமே புரிவது. அதைத் தொடாதீர்கள். முன்பாதியிலிருந்து உங்களுக்கு வேண்டிய ஐந்தாறு விஷயங்களை மட்டும் எடுத்து, உங்கள் பெயர்களில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். காகித எண் 9 என்றால் ஏ4.

வேலை முடிந்தது என்று வருகிறது, தாள் வரவில்லை. எதை நம்புவது?

முடிந்தது என்றால் தரவு கைமாறிவிட்டது என்றுதான் பல நேரம் பொருள். 9100ஆம் போர்ட்டுக்கு எழுதினால் பைட்டுகளை வாங்கிக்கொண்டதோடு சரி. ஐபிபி பேசும் பிரிண்டர் காகிதம் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்லும், எத்தனை பக்கம் வெளிவந்தது என்பதையும் பெரும்பாலும் சொல்லும். வரிசை எண் போட்ட ரசீது மாதிரி, ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாத அச்சு என்றால் "தாள் வந்ததா?" என்று பயனரிடம் கேட்கும் ஒரு கேள்வியை நிரலில் வையுங்கள்.

ஒருவர் கணினியில் மட்டும் வெற்றுப் பக்கம் வருகிறது.

அவருடைய மொழி அமைப்பைப் பாருங்கள். ஜெர்மன் போன்ற மொழிகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. நிரல் 12.5 என்று எழுத நினைத்து 12,5 என்று எழுதிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்டும் பிடிஎஃப்பும் புள்ளியைத் தவிர எதையும் ஏற்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது, என் கணினியில் ஒருமுறைகூட அந்தப் பிழை வரவே இல்லை.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போவது சுலபமா?

வேறு விதமான சிரமம். பிடிஎஃப்பை விண்டோஸின் அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரிடம் அப்படியே கொடுத்தால், பிரிண்டருக்கே பிடிஎஃப் புரிந்தால் ஒழிய அச்சாகாது. பிடிஎஃபியம் போன்ற நூலகத்தை வைத்துப் பக்கத்தை நீங்களே ஜிடிஐயில் வரைந்து அனுப்ப வேண்டும். பக்கத்தை முழுப் படமாக மாற்றி அனுப்பினால் கனம் கூடும்: 600 டிபிஐயில் ஏ4 பக்கம் 4960க்கு 7016 புள்ளி, வண்ணத்தில் ஒரு பக்கமே 100 மெகாபைட்டைத் தாண்டும். எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள்.

இன்னொன்று. சி மொழியில் கோப்பை உரை முறையில் திறந்தால் விண்டோஸ் ஒவ்வொரு 10க்கு முன்னும் ஒரு 13ஐச் சேர்க்கும். படத்தின் நடுவில் தற்செயலாக 10 வந்தாலும் சேர்க்கும். லோகோவின் மேல்பாதி நன்றாக வந்து, பாதியில் ஒரு வரி நகர்ந்து, அதற்குக் கீழே எல்லாம் கிறுக்கலாக இருந்தால் இதுதான். பைனரி முறையில் திறங்கள்.

சி மொழியில் வேறு பொறிகள்?

நீள எண் வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட், லினக்ஸில் 8. அகல எழுத்து வகை விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4. லினக்ஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. மூன்றுமே பழைய தரவுக் கோப்பைப் படிக்கும் இடத்தில்தான் கடிக்கும்.

பழைய நிரலை எப்போது நிறுத்தலாம்?

இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்தே ஓட்டுங்கள். தினசரிச் சோதனைக்குக் காகிதம் தேவையில்லை: பிடிஎஃப்பைப் படமாக்கி நேற்றைய படத்தோடு நிரலே ஒப்பிடலாம், கப்ஸோடு ஒரு போலி பிரிண்டரும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு படிவத்தையும் ஒருமுறையாவது நிஜத் தாளில், பயனர்கள் உண்மையில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிரிண்டரிலும் அடியுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோட்டின் மேல் கோடு உட்கார வேண்டும். நான் 40 படிவங்களை அப்படிப் பார்த்தேன். 39 உட்கார்ந்தன, மிஞ்சிய ஒன்றில், பழைய நிரல்தான் இத்தனை வருஷமும் கையெழுத்துக் கட்டத்தை அரை மில்லிமீட்டர் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் படிவத்தைத் தினமும் நிரப்புகிறவரிடம் காட்டி எது வேண்டும் என்று கேட்டேன். பழைய இடமே இருக்கட்டும் என்றார், அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பழைய நிரலை நிறுத்தினோம்.